அழுதால் ஐந்து குறையும்

பெரியம்மாவுக்கு எங்கள் அலுவலகத்தில் ‘மூலை’ என்று பெயர். வாசல் காவலாளி முதல் நிர்வாகி வரை எல்லோருக்கும் அவள் மூலைதான். “மூலை வந்தாச்சா?” “சாவி மூலைகிட்ட இருக்கும், கேளு.” அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. “நான் என்ன நடுக்கூடத்துல சிம்மாசனம் போட்டா உக்காந்திருக்கேன்? மூலையிலதானே? சரியாத்தான் வெச்சிருக்கானுங்க” என்பாள்.

மூலையில் உட்காருவதுதான் அவள் வேலை. வெளியே ‘குடும்ப நலச் சேவை மையம்’ என்று பலகை தொங்கும். ஒரு வீட்டில் ஏதோ ஒன்று உடைந்து, பிள்ளையைப் பிரித்து விடுதியில் வைத்துவிட்டார்கள் என்றால், பெற்றவர்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் எங்கள் மையத்துக்கு வந்து பிள்ளையைப் பார்க்கலாம். பார்க்கும் அறையின் மூலையில் ஓர் இரும்பு மடக்கு நாற்காலி. அதில் ஒருவர் உட்கார்ந்து நடப்பதையெல்லாம் எழுத வேண்டும். பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, உதவக்கூடாது. குழந்தை கீழே விழுந்தால் தூக்க வேண்டியது பெற்றவர். தூக்கினார்களா, எத்தனை நேரம் கழித்துத் தூக்கினார்கள் என்று எழுத வேண்டியது மூலை.

எட்டு வருடம் அந்த நாற்காலியில் அவள் இருந்தாள். அவளுக்குக் குழந்தைகள் மேல் கொள்ளை ஆசை என்று யாராவது நினைத்தால் அது தப்பு. “மூக்கு ஒழுகுற எந்தப் பிறவியும் எனக்கு ஆகாது” என்று வெளிப்படையாகவே சொல்வாள். அதற்கு முன் பதினான்கு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் ஆயாவாக இருந்தாள். வாந்தி, பேன், சொறி, எல்லாம் பார்த்தாயிற்று. சொந்தமாகப் பிள்ளை இல்லை. பெரியப்பா என்று ஒருவர் இருந்தார். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். “போனது பெருசில்ல. ரேடியோவையும்ல தூக்கிட்டுப் போயிட்டான்” என்பாள். அருவருப்பு அவளுக்கு ஆறாவது புலன் மாதிரி. யாராவது தும்மினால் இரண்டு அடி தள்ளி நிற்பாள். எப்போதும் கையில் துவைத்து மடித்த கைக்குட்டை.

அப்படிப்பட்டவளுக்கு அந்த அறையைப் போன்ற ஒரு தண்டனை வேறில்லை. சுவரில் பல்லைக் காட்டும் சூரியன் ஒன்று வரைந்திருக்கும். கீழே ஒரு கம்பளம். யார் யார் வீட்டுப் பாலோ அதில் புளித்துக் காய்ந்திருந்தது. பொம்மைகளின் மூஞ்சியில் நாள்பட்ட எச்சில். தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, வெந்நீரில் சோப்பு கரைத்து, தன் சொந்த பிரஷ்ஷால் ஒவ்வொரு பொம்மையாகத் தேய்ப்பாள். அந்த வேலையை யாரும் அவளுக்குத் தரவில்லை. “பெத்தவளைப் பாக்க வர்ற புள்ள, அடுத்தவன் சளியையா தொடணும்?”

அதைவிட நாற்றம், நன்கொடை மூட்டை. ஒற்றைச் செருப்பு, எலாஸ்டிக் போன ஜட்டி, தேதி முடிந்த இருமல் மருந்து, பாதி கடித்த சாக்லேட் உருகி ஒட்டிய சட்டைப்பை. பிரிக்கும்போதெல்லாம் பெரியம்மா சொல்வாள்: “குப்பைத்தொட்டி வரைக்கும் நடக்கச் சோம்பேறித்தனம் பட்டா, அதுக்குப் பேரு தானம்.”

மாதம் ஒருமுறை நன்கொடையாளர்கள் நேரிலும் வருவார்கள். அன்று காலை முழுக்க எலுமிச்சை ஸ்ப்ரே அடிப்பார்கள். புளித்த பாலும் எலுமிச்சையும் சேர்ந்து குடலைப் புரட்டும். ஒருமுறை ஓர் அம்மாள் ஒரு குழந்தையின் கன்னத்தை இரண்டு விரலால் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டார். படம் எடுத்து முடிந்ததும் கைப்பையிலிருந்து சானிடைசரை எடுத்து முழங்கை வரை தேய்த்துக்கொண்டார். அந்தக் குழந்தையும் கையை நீட்டியது, தனக்கும் ஊற்றுவார்கள் என்று. ஊற்றவில்லை.

எங்கள் நிர்வாகிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் புன்னகை. அவர் எதற்கும் சிரிப்பார். சாவுச் செய்தியையும் சிரித்துக்கொண்டே வாங்கி, சிரித்துக்கொண்டே அடுத்தவருக்குக் கொடுப்பார்.

நான் அந்த அலுவலகத்தில் பதிவுகளைக் கணினியில் ஏற்றுபவன். பெரியம்மாவின் தங்கை மகன். அவள் சொல்லித்தான் வேலை கிடைத்தது. அவள் வீட்டில்தான் தங்கியிருந்தேன். அவளுடைய நோட்டுகளை நான்தான் தட்டுவேன். “பாத்ததை எழுது, நெனச்சதை எழுதாதே” என்பது அந்த நாற்காலியின் சட்டம். அதை அவள் போல யாரும் கடைப்பிடித்ததில்லை. ஒரு புதன்கிழமைப் பக்கம் இப்படி இருந்தது:

3.02 – தாய் வந்தாள். செருப்பை வெளியே விட்டாள்.
3.05 – குழந்தை வந்தது. தாயைப் பார்த்தது. பிறகு சுவரைப் பார்த்தது.
3.07 – தாய் கையை நீட்டினாள். குழந்தை பொம்மையை நீட்டியது.
3.20 – தாயின் விரலில் ஊசி ஏறிய தழும்புகளைக் குழந்தை எண்ணியது. ஆறு வரை. ஆறுக்குப் பிறகு மறுபடி ஒன்று.
4.00 – மணி.
4.01 – குழந்தை அழுதது. தாய் அழவில்லை. வாசலைத் தாண்டி அழுதாள். ஜன்னல் வழியே தெரிந்தது.

அந்தத் தாய் ஒரு தையல்காரி. ஆயத்த ஆடைக் கம்பெனியில் நாள் முழுக்கக் காலர் மட்டும் தைப்பவள். புருஷன் இல்லை. நான்கு வயதில் ஒரு பெண். குட்டி என்று கூப்பிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் கட்டாயம் வரச் சொல்லிவிட்டார்கள். பிள்ளையை விட இடமில்லை. சாப்பாடு, தண்ணீர், படப்புத்தகம் எல்லாம் வைத்து, கதவை வெளியே பூட்டிவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டில் மின்கசிவு. புகை. தீயணைப்பு ஆட்கள் பூட்டை உடைத்துக் குழந்தையைத் தூக்கினார்கள். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மறுநாளே குட்டி விடுதிக்குப் போய்விட்டது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அதற்கு ஐந்து மாதம் முன்பே, ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவள் எங்கள் மையத்துக்கே விண்ணப்பம் எழுதியிருந்தாள். அது ‘பரிசீலனையில்’ என்ற கோப்பில், எங்கள் அலமாரியிலேயே, நான் தினம் முதுகைச் சாய்க்கும் இடத்திலிருந்து ஒரு கை தூரத்தில் இருந்தது.

அந்த வருடம்தான் புதுப் படிவம் வந்தது. நோட்டில் எழுதியது போதும், இனி எல்லாம் ஆம், இல்லை என்றார் புன்னகை. ஒவ்வொரு சந்திப்புக்கும் கேள்விகள். மூலை டிக் போட வேண்டும். நான் ஏற்ற வேண்டும். கணினி மார்க் போடும். ஏற்றியதைத் திருத்த முடியாது, பூட்டிக்கொள்ளும். எட்டுச் சந்திப்புக்குப் பிறகு சராசரி அறுபதுக்கு மேல் என்றால் பிள்ளை வீட்டுக்குப் போகும். நாற்பதைத் தாண்டினால் இன்னும் மூன்று மாத அவகாசம். நாற்பதுக்குக் கீழே போனால் கோப்பு வேறு அறைக்குப் போய்விடும். குழந்தையை வேறு குடும்பத்துக்கு ஒரேயடியாகக் கொடுப்பதற்கான அறை அது.

பெரியம்மா டிக் போடுவதோடு தன் பழக்கப்படி நோட்டிலும் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். நோட்டை யாரும் கேட்கவில்லை. நானும் தட்டிக்கொண்டே இருந்தேன், திரையின் அடியில் வரும் எண்ணைப் பார்க்காமலே. ஆறாவது சந்திப்பை ஏற்றியபோதுதான் பார்த்தேன். தையல்காரியின் சராசரி முப்பத்தெட்டு.

அன்று மாலை வீட்டில் பெரியம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பெரியம்மா, அந்தத் தையல்காரிக்கு மார்க் ரொம்பக் கம்மி.”

“எப்படிடா கம்மி? நேரம் தவறாம வர்றா. குரல் ஒசந்து ஒரு வார்த்த பேசினதில்ல. புள்ள மடியை விட்டு எறங்கல.”

“பதினாலாவது கேள்விதான் இழுக்குது. ‘சந்திப்பின்போது குழந்தை அழுததா?’ ஆறு தடவையும் நீ ஆம்னு போட்டிருக்கே.”

“அழுததே. போட வேண்டியதுதானே?”

“அழுதா அஞ்சு குறையும். ஒரே கேள்வியை வேற வேற தலைப்புல நாலு எடத்துல கழிக்குது.”

துணியைப் பிழிந்த கை அப்படியே நின்றது. “எப்ப அழுததுன்னு கேக்கலையா?”

“இல்ல. ஆம், இல்லை. அவ்வளவுதான்.”

“ஆத்தா போறாளேன்னு அழற புள்ளைக்கும், ஆத்தாளைப் பாத்தாலே அலறுற புள்ளைக்கும் ஒரே மார்க்கா?”

“ஒரே மார்க்.”

“த்தூ” என்றாள். வாளித் தண்ணீரைப் பார்த்தாள். “என் கையாலதானே போட்டேன். இத்தன நாளும் என் பேனாதான் அந்தப் புள்ளையக் கிள்ளிக்கிட்டு இருந்துச்சா?”

மறுநாள் புன்னகையின் அறைக்குள் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. நான் வெளியே கோப்பு அடுக்குகிற மாதிரி நின்றேன்.

“அம்மா, அழற குழந்தைன்னா மனசு பாதிச்ச குழந்தைன்னு அர்த்தம். நிபுணர்கள் யோசிச்சுப் போட்ட கேள்வி.”

“நிபுணருங்க வந்து ஒரு மணி நேரம் அந்தக் கம்பளத்துல உக்காந்தாங்களா சார்?”

அவர் சிரித்தார். “கணினிக்குப் பாசம், கோபம் எதுவும் கிடையாது. அதுதான் அதோட அழகு. நீங்களும் அப்படித்தானே எட்டு வருஷமா இருந்தீங்க? உங்களை நான் எல்லாருக்கும் உதாரணமாச் சொல்றேன்.”

“திருத்த வழி இல்லையா?”

“திருத்தினா அது பொய்ப் பதிவு ஆயிடும். நீங்களே சொல்லுங்க, பொய் எழுதலாமா?”

வெளியே வந்தவள் கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தாள். உள்ளே ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். மதியம் நன்கொடையாளர் வருகை. “ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதா, அந்த அழுகைக்கு எத்தனை மார்க்குன்னு கேட்டுச் சொல்லுடா” என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் அடுத்த சந்திப்பில் ‘இல்லை’ என்று டிக் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். யார் பார்க்கப்போகிறார்கள்? பெரியம்மாவால் அது முடியாது. பார்த்ததைத்தான் எழுதுவாள். பதிவில் ஒரு பொய் விழக்கூடாது. அதனால் அவள் செய்த காரியம், அந்த நாற்காலியில் அத்தனை வருடம் நேர்மையாக உட்கார்ந்த ஒருத்தி மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

ஏழாவது சந்திப்புக்கு முந்தின நாள், கம்பெனி வாசலில் போய் நின்று, ஷிஃப்ட் முடிந்து வந்த தையல்காரியைத் தனியே கூப்பிட்டாள். மூலைக்கு வாய் உண்டு என்பதே தையல்காரிக்கு அன்றுதான் தெரியும். பயந்துபோனாள்.

“புள்ள அழுதா மார்க் கொறையுது. போகும்போது அழவிடாதே. எப்படியாவது பாத்துக்க” என்றாள் பெரியம்மா. அவ்வளவுதான் பேசினாள். திரும்பி நடந்து வந்துவிட்டாள்.

மறுநாள் புதன்கிழமை. கண்ணாடித் தடுப்பின் இந்தப் பக்கமிருந்து நானும் பார்த்தேன். ஒரு மணி நேரம் வழக்கம்போலப் போயிற்று. நான்கு மணிக்கு மணி அடித்தது. தையல்காரி எழுந்தாள். குட்டியின் காதில் ஏதோ சொன்னாள். குட்டி இரண்டு உள்ளங்கையையும் எடுத்துத் தன் வாயை இறுக மூடிக்கொண்டது. கண் பிதுங்கியது. கன்னம் உப்பியது. மூக்கு ஒழுகி விரல் மேல் வழிந்தது. அம்மா வாசலைத் தாண்டும்வரை அப்படியே நின்றது. சத்தமே இல்லை. போனபிறகும் கையை எடுக்கவில்லை. விடுதி ஆள் வந்து இழுத்துக்கொண்டு போனபோதும் வாயில் கை அப்படியே இருந்தது.

பெரியம்மா மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டில் ஒரு வரிதான்: 4.01 – குழந்தை அழவில்லை.

படிவம் என் மேசைக்கு வந்தது. பதினாலாவது கேள்விக்கு முதல்முறையாக ‘இல்லை’ என்று தட்டினேன். தட்டியதும், அதுவரை நான் பார்த்தேயிராத ஒரு கட்டம் திரையில் திறந்தது. ‘பிரியும்போது குழந்தை தாயிடம் பற்றை வெளிப்படுத்தியதா?’ அதற்கான டிக் எந்தக் காகிதத்திலும் இல்லை. நான் எழுந்துபோய்ப் பெரியம்மாவைக் கேட்டேன்.

“என்ன வெளிப்படுத்துச்சா?”

“பற்று.”

பார்த்ததை மட்டும் சொல்பவள். “அது நின்னுச்சு. வாயைப் பொத்திக்கிட்டு நின்னுச்சு. வேற ஒண்ணும் வெளிய வரல” என்றாள். பின்னால் நின்றிருந்த புன்னகை, “அப்ப ‘இல்லை’தானே, போட்டுடுங்க தம்பி” என்றார் சிரித்தபடி. போட்டேன். இதையும் நாலு இடத்தில் கழித்தது, ஒவ்வொன்றிலும் எட்டு. ஏழு சந்திப்பிலும் அதுதான் மிகக் கேவலமான மார்க்.

மாலை இருவரும் வீட்டுக்கு நடந்தோம். வழியில் ஒரு குழாயடியில் நின்று கையைக் கழுவினாள். சோப்பு இல்லை, வெறும் தண்ணீரில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “புள்ளையக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுறவனுங்கன்னு இவனுங்களை ஏசிக்கிட்டிருந்தேன். நான் அதைவிட மோசம்டா. தொட்டிலை ஆட்டுற மாதிரியே கிள்ளியிருக்கேன்.”

“நல்லதுக்குத்தானே பெரியம்மா சொன்னே?”

“அவனும் அதத்தான் சொல்வான். நல்லதுக்குன்னு.”

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கி, வேலையில் சேர்ந்தபோது கொடுத்த பழைய விதிப் புத்தகத்தை எடுத்தாள். ஒன்பதாவது விதி அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் என்னை வாசிக்கச் சொன்னாள். மூலையில் அமர்பவர் பெற்றவருடன் பேசினால் அந்தச் சந்திப்பின் பதிவு செல்லாது. செல்லத்தக்க பதிவு ஒன்றுமே இல்லையென்றால், குழந்தைகள் நலக் குழுவினர் நேரில் வந்து சந்திப்பைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

“நீ பேசினது ஏழாவதுக்கு முன்னாடி மட்டும்தான். ஒண்ணுதான் போகும். மத்த ஆறும் அப்படியே நிக்குமே” என்றேன்.

“ஒரு பேப்பர் குடு.”

ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக எழுதினாள். ஏழு சந்திப்புகளிலும் நான் தாயுடன் பேசினேன். தேதி வாரியாக எழுதினாள். என்ன பேசினேன் என்று எதுவும் இல்லை. கீழே கையெழுத்து. பேனாவைத் திருகி மூடிவிட்டு, அதைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

“பெரியம்மா, வேலை போயிடும்.”

“போவட்டும். நாத்தம் புடிச்ச வேல.” காகிதத்தை மடித்தபடி சொன்னாள்: “பொய் எழுதறது இவ்ளோ சுலபம்னு எனக்குத் தெரியாமப் போச்சே. எவ்வளவு நாளை வீணாக்கிட்டேன்.”

கடிதத்தைப் புன்னகையிடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அதுவும் பரிசீலனையில்தான் இருந்திருக்கும். குழுவில் மூன்று பேர்: ஒரு வக்கீல், ஒரு டாக்டர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். தலைமையாசிரியையின் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு, நகலை அலுவலகத்தில் வைத்தாள்.

புன்னகையை முதல்முறையாகச் சிரிக்காமல் பார்த்தோம். அவருடைய முகம் சலவைக்குப் போட்ட தலையணை உறை மாதிரி தொங்கியது. “எட்டு வருஷம்! இப்படி நாசம் பண்ணிட்டீங்களே. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா நான் உள்ளுக்குள்ளயே முடிச்சிருப்பேனே?”

“அது தெரிஞ்சுதான் சார் சொல்லல.”

அன்றே வெளியே போகச் சொன்னார்கள். மேசை இருந்தால்தானே காலிசெய்ய? நாற்காலியை மடித்து வைத்தாள். பொம்மை தேய்க்கிற பிரஷ்ஷைப் பையில் போட்டுக்கொண்டாள். காவலாளி மட்டும், “மூலையில்லாத வீடா இதுக்கப்புறம்?” என்றான். “நாலு மூலைல ஒண்ணுதான்டா போகுது. மிச்சம் மூணுலயும் குப்பை சேத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

எட்டாவது புதன்கிழமை குழு வந்தது. காலையிலிருந்து எலுமிச்சை ஸ்ப்ரே. மூன்று மெத்தை நாற்காலிகள் போட்டார்கள். மூலையில் உட்கார வேறு ஆள் இல்லாததால் என்னை உட்கார வைத்தார்கள். “சுவர் மாதிரி இருங்க” என்றார் புன்னகை.

தையல்காரி வந்தாள். மெத்தை நாற்காலிகளைப் பார்த்ததும் கம்பளத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். குட்டி மடியில் ஏறி, வழக்கம்போலத் தழும்புகளை எண்ணியது. ஏழு வரை வந்துவிட்டது. வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

நான்கு மணி. மணி அடித்தது. தையல்காரி எழுந்தாள். குட்டி இரண்டு கையையும் வாய்ப்பக்கம் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, அண்ணாந்து பார்த்துக் கேட்டது: “அம்மா, இன்னிக்கு அழலாமா?”

தையல்காரி மெத்தை நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன கேக்குறா?” என்றார் வக்கீல்.

“அழுதா அவுட்டு” என்று குட்டியே சொன்னது. “அவுட்டானா வீட்டுக்குப் போக முடியாது.”

டாக்டரின் பேனா வேகமாக ஓடியது. “தாய் குழந்தைக்குப் பயிற்சி குடுத்திருக்காங்க” என்று வக்கீலிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். புன்னகை அதற்குத் தலையாட்டினார். அவ்வளவு செய்தும், கடைசியில் இதுவும் அவள் தலையில்தான் விழப்போகிறது.

தலைமையாசிரியை கேட்டார்: “அழக்கூடாதுன்னு யாரும்மா சொன்னது?”

“மூலையில உக்கார்ற அம்மா சொன்னாங்க. தப்பாச் சொல்லல. புள்ள அழுதா மார்க்கு கொறையும்னு சொன்னாங்க. அதான் வெளையாட்டு மாதிரி சொல்லிவெச்சேன்” என்றாள் தையல்காரி.

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். “குறையுமா?”

மூலை பேசக்கூடாது. புன்னகை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“குறையும். அஞ்சு” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. “அழலைன்னாலும் குறையும். எட்டு.”

“ரெண்டுக்குமா?”

“ரெண்டுக்கும்.”

அவர் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்தக் கம்பளத்தில் உட்கார்ந்தார். நாற்றம் ஏறியிருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார். “டாக்டர், எழுதறதை நிறுத்துங்க” என்றார். பிறகு குட்டியிடம், “அழலாம்” என்றார்.

குட்டி அவரை நம்பவில்லை. கையை வாயில் வைத்துக்கொண்டது.

பத்தொன்பது நாளில் குட்டி வீட்டுக்குப் போனது. ஒரு நிபந்தனை: ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும். எங்கள் மையத்தில் ஞாயிறு சேவை இன்றுவரை பரிசீலனையில்தான் இருக்கிறது. படிவமும் அப்படியே இருக்கிறது. அழுதால் ஐந்து என்பதை மூன்றாக்கியிருக்கிறார்கள். அதற்கு ஒரு கூட்டம் போட்டு, படம் எடுத்துக்கொண்டார்கள்.

பெரியம்மா இப்போது ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் துணி பிரிக்கிறாள். ரத்தம், சீழ், மலம். “ஆனா ஒண்ணுடா. அங்க மலத்தை மலம்னுதான் சொல்றாங்க” என்பாள்.

போன வாரம் மையத்தின் ஆண்டறிக்கை அச்சாகி வந்தது. ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அட்டையில் தையல்காரியும் குட்டியும், பின்னால் புன்னகை. வீட்டுக்குப் போகிற அன்று எடுத்தது. படத்தில் குட்டி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது. கீழே தடித்த எழுத்தில்: ‘சொல்லில் அடங்காத மகிழ்ச்சி’.

பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். “அந்தக் கம்பளத்துல கெடக்கிற பொம்மையப் பாரு. நான் வேலையை விட்டு வந்தப்புறம் ஒருத்தனும் கழுவல” என்றாள். அட்டையைக் கிழித்துக் குப்பைக்கூடையின் அடியில் விரித்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. குட்டி எங்கள் வீட்டில்தான் இருந்தது. எல்லா ஞாயிறும் இங்கேதான். நிபந்தனைத் தாளில் கையெழுத்துப் போட்டது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்த குட்டி, வாளியில் தடுக்கி விழுந்தது. முழங்கால் உரிந்துவிட்டது. எழுந்து, பழக்கப்படி இரண்டு கையையும் வாய்க்குக் கொண்டுபோனது. கண் பிதுங்கியது.

பெரியம்மா போய்க் குந்தினாள். ஒரு கையை எடுத்தாள், பிறகு மற்றதை. இரண்டையும் சேர்த்துத் தன் ஒரு கையில் பிடித்துக்கொண்டாள்.

“அழுடி. மார்க் போடறவன் எவனும் இங்க இல்ல.”

குட்டி அவளைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பிறகு அழுதது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதது. கண்ணீரும் எச்சிலும் சளியும் ஒன்றாக வழிந்து, பெரியம்மாவின் தோளில் ஒழுகியது.

“சீ, சீ, எவ்ளோ சளி! பூராத்தையும் எங்கடி வெச்சிருந்தே இத்தன நாளா?” என்றாள் பெரியம்மா. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி மூக்கைச் சுளித்துக்கொண்டாளே தவிர, பிடித்த பிடியை விடவில்லை.